நாலாம் லைன் பட்டமளிப்பு விழா

கல்வி உதவித்தொகையால் ஒரகடம் வட்டாரத்தில் உண்மையிலேயே பலன் அடைந்தவர் யார் என்று யாராவது கேட்டால், நான் கூச்சப்படாமல் கையைத் தூக்குவேன். என் பெயர் தணிகாசலம். படிப்பு ஒன்பதாவது, அதுவும் முழுசாக இல்லை. கூட்டு ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜூன் பிறந்தால் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் என்று பிள்ளைகள் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து ஒவ்வொன்றிலும் மூன்று காப்பி எடுப்பார்கள். அந்தக் காப்பிகள் போன இடத்திலிருந்து யாருக்காவது உதவி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. என் கடைக்கு மட்டும் இரண்டாவது மெஷின் வந்தது.

2014இல் ஒரு சட்டம் வந்தது. பெரிய கம்பெனிகள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கை நல்ல காரியத்துக்குச் செலவழிக்க வேண்டுமாம். சட்டம் வந்த மறுமாதமே எங்கள் பக்கத்துக் கம்பெனிகளுக்கெல்லாம் நல்ல மனசும் வந்துவிட்டது. செல்போனுக்குள் வைக்கிற கேமராவைச் செய்யும் கம்பெனி ஒன்று 'சிகரம் 360' என்று ஓர் அறக்கட்டளை ஆரம்பித்தது. கம்பெனியின் பெயர் எதற்கு, நாளைக்கு அவர்களும் என்னிடம் ஜெராக்ஸ் எடுக்க வரக்கூடும். அந்த 360 எதற்கு என்று கேட்டேன். எல்லாத் திசையிலும் திரும்பிப் பார்ப்போம் என்று அர்த்தமாம். அப்படித் திரும்பினால் நின்ற இடத்துக்கே வந்து சேருவோம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அந்த அறக்கட்டளையின் பதினாலு பக்க விண்ணப்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு நாள் இசக்கிசெல்வி வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். அதே கம்பெனியில் நாலாம் லைனில் மூன்று வருஷமாக இருக்கிறாள். வடக்குப்பட்டு ஹாஸ்டலில் ஒரு அறையில் ஒன்பது பேரில் ஒருத்தி.

"அண்ணாச்சி, இத நிரப்பித் தருவியளா? எல்லாம் இங்கிலீசுல இருக்கு."

"இன்னா படிக்கப் போறேம்மா?"

"நர்சிங். கவுன்சிலிங்ல சீட்டு கெடச்சிருக்கு. ஆகஸ்ட் பதினெட்டுக்குள்ள பீஸு கட்டிச் சேரணும்."

பிளஸ் டூவில் ஆயிரத்து நாற்பத்தொன்று வாங்கியவள். 2011லேயே அவளுக்கு இதே நர்சிங் சீட் கிடைத்து, கட்ட வழியில்லாமல் விட்டுவிட்டு, கம்பெனி ஆள் கொண்டுவந்த பஸ்ஸில் ஏறி இங்கே வந்திருக்கிறாள். இப்போது சர்க்கார் சலுகையெல்லாம் கழித்தும் மீதி அவள் கைக்கு எட்டவில்லை. "ரெண்டாவது தடவையும் விட்டுட்டேன்னா, மூணாவது தடவ கேக்க எனக்கே வெக்கமா இருக்கும் அண்ணாச்சி" என்றாள்.

பதினோராம் பக்கத்தில், 'உங்கள் கனவை நிறுவனத்தின் கனவோடு இணைத்து ஐந்நூறு சொற்களில் எழுதுக' என்று இருந்தது. "நர்ஸ் ஆவணும். அவ்வளவுதான்" என்றாள். மீதி நானூற்றுத் தொண்ணூற்றெட்டுச் சொற்களை நான் எழுதினேன். கம்பெனியின் கனவு என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் நிலத்தின் மேல்தான் அது படுத்துத் தூங்குகிறது.

எல்லாம் முடிந்து, சம்பளச் சான்றிதழ் மட்டும் பாக்கி. மறுநாள் எச்.ஆர். ஆபீசுக்குப் போய்விட்டு முகம் சுண்டிப்போய் வந்தாள்.

"ஒனக்கு யாரு சம்பளம் குடுக்கான்னு கேக்காவ அண்ணாச்சி. மாசாமாசம் வாரது சம்பளம் இல்லியாம். ஊக்கத்தொகையாம். நாங்க வேலைக்காரங்களே இல்லியாம். பயிற்சி எடுக்க மாணவியளாம்."

"அப்போ ஒண்ணும் தரலியா?"

தந்திருந்தார்கள். கம்பெனி முத்திரையோடு ஒரு போனஃபைட் சான்றிதழ். 'இசக்கிசெல்வி என்பவர் எமது நிறுவனத்தில் மூன்றாம் ஆண்டு பயிலும் மாணவி ஆவார். நடத்தை திருப்திகரம்' என்று போட்டிருந்தது. அதையும் மூன்று காப்பி எடுத்தேன். மெஷினுக்கு வெட்கம் கிடையாது.

நேர்காணலுக்குப் பெற்றோரோ காப்பாளரோ உடன் வர வேண்டும் என்று கடிதம் வந்தது. அப்பா இல்லை, அம்மா ஊரில் பீடி சுற்றிக்கொண்டிருக்கிறாள். நான் கடையைச் சாத்திவிட்டுக் காப்பாளனாகப் போனேன்.

அறக்கட்டளை இருந்தது கம்பெனியின் இரண்டாம் மாடியில். மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்று காலி. ஒன்றில் சென்னையிலிருந்து வந்த ஒரு மேடம் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார். நடு நாற்காலியில் இருந்தவரைப் பார்த்ததும் இசக்கிசெல்வி என் பக்கம் சாய்ந்து, "அண்ணாச்சி, இவருதான் கீழ எச்.ஆர்.ல இருக்க சாரு" என்றாள்.

அவரேதான். பெயர் மணிகண்டபிரபு. கழுத்தில் தொங்கும் அட்டையின் பட்டையை மட்டும் மாற்றியிருந்தார். கீழே நீலம், மேலே பச்சை. இசக்கிசெல்வியை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போலப் பெயர், ஊர் எல்லாம் விசாரித்தார். போனஃபைடை எடுத்துப் படித்து, "எச்.ஆர்.ல ரொம்பத் தெளிவா எழுதியிருக்காங்களே" என்று சொந்தக் கையெழுத்தைப் பாராட்டினார்.

"ஆனா விதி ஏழு இடிக்குதும்மா. ஏற்கெனவே ஒரு நிறுவனத்துல முழு நேரமா படிக்கிறவங்களுக்கு உதவி கிடையாது. நீங்கதான் நம்மகிட்டயே படிக்கிறீங்களே."

"நான் படிக்கல சார். கேமராக்குக் கண்ணாடி ஒட்டுதேன்."

"அது பிராக்டிகல்."

"பாடம்னு இன்னா சார் நடத்துறீங்கோ?" என்றேன்.

"சேர்ந்த அன்னிக்குக் காலைல ஒன்றரை மணி நேரம் வீடியோ போட்டோமே."

"பரீட்சை?"

"ஒவ்வொரு ஷிஃப்டும் பரீட்சைதான் சார். மணிக்கு நானூறு கண்ணாடி ஒட்டணும். முந்நூத்தித் தொண்ணூத்தொன்பது ஒட்டினா ஃபெயில். சூப்பர்வைசர் உடனே பேரை போர்டுல எழுதிடுவார். இப்படி மணிக்கு மணி மார்க் போடற காலேஜ் ஒண்ணு காட்டுங்க பார்ப்போம்."

"மூணு வருசமும் ஒரே பாடமா சார்?" என்றாள் இசக்கிசெல்வி. கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

"ஆழமா கத்துக்கணும்னா அப்படித்தான்மா" என்றவர் என் பக்கம் திரும்பினார். குரலில் ஒரு கனிவு வந்துவிட்டது. "சார், பெருமைக்காகச் சொல்லலை. உள்ளே ஐயாயிரம் பேர் இருக்காங்க. அதுல தொழிலாளின்னா நூத்திப்பத்துப் பேர்தான். மீதி அத்தனையும் மாணவிங்க. தொழிலாளின்னா எட்டு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாதும்பாங்க. மாணவியப் பார்த்து இதுக்கு மேல படிக்காதேன்னு எந்தச் சட்டமாவது சொல்லுமா? தொழிலாளின்னா போனஸ் கேப்பாங்க, சங்கம் வைப்பாங்க. நாங்க லாபத்தையே பார்க்கிறவங்களா இருந்தா எல்லாரையும் தொழிலாளின்னு எழுதிட்டுப் போயிருக்கலாம். கல்வி மேல இருக்கிற ஆசை விடலை."

"வெரி டச்சிங்" என்றார் மேடம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இசக்கிசெல்வியோ நாற்காலி நுனிக்கு வந்து, "அப்ப எனக்கு வழியே இல்லியா சார்?" என்றாள்.

"இருக்கே. எச்.ஆர்.ல ஒரு டி.சி. வாங்கிட்டு வாங்க. இங்கே மாணவி இல்லைன்னு ஆயிட்டா விண்ணப்பம் செல்லும்."

"எச்.ஆரும் நீங்கதானே சார்? இப்பவே ஒண்ணு எழுதிக் குடுத்துருங்களேன்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "நான் அறக்கட்டளை சார். எச்.ஆர். முடிவுல தலையிட முடியாது. அப்புறம் நிர்வாகத்துக்கு மரியாதை என்ன?"

கீழே எச்.ஆர். ஆபீசுக்கு வந்து அரை மணி நேரம் காத்திருந்தோம். லிஃப்டில் இறங்கி வந்தார், நீலப் பட்டையோடு. "சொல்லுங்க, என்ன விஷயம்?" என்றார். இசக்கிசெல்வி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். மேலே அறக்கட்டளை சார் டி.சி. கேட்டார் என்றும் சொன்னாள். அவரும் முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"டி.சி.யா? இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே. படிப்பு முடிஞ்சாத்தானே டி.சி. கொடுக்க முடியும். படிப்பு முடிஞ்சுதுன்னு சொல்லணும்னா…" பேச்சை நிறுத்திவிட்டு மேசைமேல் இருந்த நோட்டில் என்னவோ எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப நல்ல யோசனை கொடுத்திருக்கீங்கம்மா."

அவள் சந்தோஷமாகச் சிரித்தாள். ஒரு எச்.ஆர். ஆபீசர் எழுந்து வந்து கை கொடுத்தால் அடுத்த நிமிஷமே ஓடிவிட வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்திருக்கவில்லை.

விஷயம் இதுதான். வெளிநாட்டு ஆர்டர் சரிந்துகொண்டிருந்தது. நாலாம் லைனில் இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்களுக்கும் மூன்று வருஷம் முடியப்போகிறது. அதற்கு மேல் வைத்திருந்தால் எவனாவது கிளம்பி நிரந்தரம் ஆக்கு என்பான். அனுப்பினால் வேலை நீக்கம் என்று பேப்பரில் வரும், டி.வி.க்காரன் வாசலில் நிற்பான். இப்படி முழித்துக்கொண்டிருந்த கம்பெனிக்கு, மாணவிகளை யாரும் நீக்க வேண்டியதில்லை, அவர்கள் தாமாகவே படித்து முடித்துவிடுவார்கள் என்ற சங்கதியை இசக்கிசெல்வி போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டாள்.

பத்தே நாளில் கேன்டீனில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். 'நாலாம் லைன் மாணவிகளுக்குப் பட்டமளிப்பு விழா. பெற்றோர் அவசியம் வருக. காலை ஷிஃப்டை முடித்துவிட்டு மாணவிகள் மூன்று மணிக்குப் பந்தலுக்கு வரவும்.'

தெற்கத்தி ரயில்களில் தாய்தகப்பன்கள் வந்து இறங்கினார்கள். இசக்கிசெல்வியின் அம்மா மீனம்மாள் தாம்பரத்தில் இறங்கி, படப்பை வழியாக ஷேர் ஆட்டோவில் நேரே என் கடைக்கு வந்துவிட்டாள். விண்ணப்பத்தில் காப்பாளர் முகவரி என்னுடையதல்லவா. கையில் ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கு.

"எம் மவ பட்டம் வாங்குதாள்லா அண்ணாச்சி! எங்க தெருவுல மொதப் பட்டம் இவதான். போர்டு அடிச்சி வச்சிருக்கோம், பாக்கியளா?"

செல்போனைக் காட்டினாள். தெருமுனையில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். 'பட்டம் பெறும் எங்கள் குலவிளக்கு இசக்கிசெல்வியை வாழ்த்துகிறோம்.' கீழே சித்தப்பா, பெரியப்பா, மாமன்மார் முகங்கள். நான் அந்த அம்மாளிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முறுக்கு நன்றாக இருக்கிறது என்றேன்.

லாரிகள் நிற்கிற இடத்தில் பந்தல். அங்கிகளைச் சென்னையில் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சிலவற்றின் காலரில் ஏதோ ஒரு இன்ஜினியரிங் காலேஜின் பெயர் தைத்திருந்தது. தொப்பி போதவில்லை. மேடையிலிருந்து இறங்குகிறவள் கழற்றி, ஏறுகிறவள் தலையில் வைத்தாள். மூன்றாம் லைன் ஓடிக்கொண்டே இருந்ததால் பேச்சுக்கு நடுவே மெஷின் சத்தமும் கேட்டது. பட்டத்தின் பெயர் 'நுண்கண்ணாடி ஒட்டுத்திறன் நிறைஞர்'. சிறப்பு விருந்தினர் எங்கேயோ எதற்கோ முன்னாள் எதுவோவாக இருந்தவர். முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கொடுக்க வந்தவர், கை வலித்துப்போய், முப்பது பேருக்குப் பிறகு காகிதத்தைத் தொட்டு மட்டும் விட்டார்.

கடைசியில் மணிகண்டபிரபு மைக்கைப் பிடித்தார். அன்றைக்கு நீலமும் பச்சையும் இரண்டு பட்டைகளும் கழுத்தில்.

"அன்பான பெற்றோர்களே! உங்க மகள்களை நீங்க எங்ககிட்ட ஒப்படைச்சபோது அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இன்னிக்கு ஒன்பது விநாடியில ஒரு கண்ணாடி ஒட்டத் தெரியும். இந்தத் திறமைக்கு எங்க கம்பெனியைத் தவிர உலகத்துல வேற எங்கேயும் இடம் கிடையாது. அந்த அளவுக்கு உயர்ந்த திறமை! பட்டம் வாங்கினவங்க ஒரே இடத்துல முடங்கிக் கிடக்கக் கூடாது. அதனால இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஹாஸ்டல் ரூமைக் காலி பண்ணி, அவங்க பறக்கிறதுக்கு நாங்க உதவப் போறோம். வெளியில சில பேர் இதை வேலை நீக்கம்னு சொல்லுவாங்க. நான் கேக்கறேன், பட்டம் வாங்கின மறுநாள் யாராவது கிளாசுக்குப் போவாங்களா?"

தாய்தகப்பன்கள் கை தட்டினார்கள். மீனம்மாள் எழுந்து நின்று தட்டினாள். அங்கி போட்டிருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி கையும் அசையவில்லை.

கேட்டில் வரிசையாக நிறுத்தி அங்கி, அடையாள அட்டை, உள்ளே போடுகிற செருப்பு மூன்றையும் வாங்கிக்கொண்டார்கள். பட்டத்தையும் டி.சி.யையும் மட்டும் விட்டுவைத்தார்கள். அறைத்தோழி சுகப்பிரியா இசக்கிசெல்வி முன்னால் வந்து நின்றாள். "டி.சி., டி.சி.ன்னு போயி நின்னியே. எல்லாருக்கும் சேத்து வாங்கிக் குடுத்துட்டியேட்டி" என்றாள். கத்தக்கூட இல்லை. இசக்கிசெல்வி வெறும் காலோடு நின்றுகொண்டிருந்தாள். "எதுக்கு எல்லாப் புள்ளையளும் அழுவுது?" என்று மீனம்மாள் என்னைக் கேட்டாள். "காலேஜ் முடியறப்போ அப்படித்தாம்மா இருக்கும்" என்று செக்யூரிட்டி முந்திக்கொண்டு சொன்னான்.

நாற்பது பேர் சேர்ந்து தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். டி.சி.யைப் பார்த்துவிட்டு, மாணவர் குறைக்குக் கல்வித்துறைக்குப் போங்கள் என்றார்களாம். கல்வித்துறையில், இந்தப் பெயரில் காலேஜே இல்லையே என்றார்களாம். இரண்டு இடத்துக்கும் மனுவை நான்தான் டைப் செய்து கொடுத்தேன். மூன்று காப்பி.

அம்மாவை ஊருக்கு ரயிலேற்றிவிட்டு, ஆகஸ்ட் பதினாறாம் தேதி டி.சி.யோடு இசக்கிசெல்வி இரண்டாம் மாடிக்குப் போனாள். நானும் போனேன். எல்லாம் போகட்டும், இந்த ஒன்றாவது நடந்துவிட்டால் போதும் என்று எனக்கு இருந்தது. கல்நெஞ்சுக்காரனுக்கும் அப்படித்தான் தோன்றும்.

மணிகண்டபிரபு பச்சைப் பட்டையோடு டி.சி.யைப் புரட்டினார். "விதி ஏழு சரியாப் போச்சு. வெரி குட். விதி மூணுக்கு வருவோம். குடும்பத்துல முதல் பட்டதாரியா ஆகப்போறவங்களுக்கு மட்டும்தான் உதவி."

அவள் ஆவலோடு தாசில்தார் கொடுத்த சான்றிதழை நீட்டினாள். இந்தக் குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லை என்று முத்திரையோடு இருந்தது. அவர் அதைத் தொடாமல், பின்னால் சுவரைக் காட்டினார். புதிதாக மாட்டிய பெரிய போட்டோ. அங்கியும் தொப்பியுமாக ஒரு பெண் சிரித்துக்கொண்டே பட்டத்தை வாங்குகிறாள்.

"இது யாரும்மா?"

"நான்தான் சார்."

"கையில என்ன?"

அவள் நீட்டிய சான்றிதழை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஆக, உங்க குடும்பத்துல ஏற்கெனவே ஒரு பட்டதாரி இருக்காங்க."

"அது நான்தான் சார்."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்."

"இன்னா சார் அநியாயமா கீது? அந்தப் பட்டம் எங்கியாச்சும் செல்லுமா?" என்று நான் கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "எங்கேயும் செல்லாது சார். ஆனா எங்ககிட்ட செல்லும். எங்க பட்டத்தை நாங்களே மதிக்கலைன்னா வேற யார் சார் மதிப்பாங்க?"

பதினெட்டாம் தேதி வந்தது, போனது.

செப்டம்பரில் அறக்கட்டளையின் புது விண்ணப்பம் வெளிவந்தது. பிள்ளைகள் அதைக் காப்பி எடுக்க என் கடையில் குவிந்தார்கள். அட்டையில் அதே போட்டோ. 'இவரால் முடிந்தது. உங்களால்?' என்று போட்டிருந்தது. மெஷின் அவள் முகத்தை மணிக்கு நானூறு வீதம் துப்பிக்கொண்டிருந்தபோது அவளே வந்து நின்றாள். அவள் ஊருக்குப் போகவில்லை. போர்டு இன்னும் தெருமுனையில் நிற்கிறதாம்.

"பிளஸ் டூ மார்க் சீட்டு மட்டும் ரெண்டு காப்பி அண்ணாச்சி."

"அந்தப் பட்டம்?"

"அது வேண்டாம். பட்டம் வாங்குனவுகள அங்க எடுக்க மாட்டாவளாம்."

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேறொரு கம்பெனி. புது நிறத்தில் யூனிஃபார்ம், புது அட்டை.

"வேலை கெடச்சிதாம்மா?"

"வேலைன்னு சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்காவ அண்ணாச்சி" என்றாள். "ஃபர்ஸ்ட் இயர்."

மேசைமேல் கிடந்த விண்ணப்ப அட்டையைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் அதைக் கவிழ்த்து வைத்தாள். அப்போது அவள் செல்போன் அடித்தது. அம்மா.

"ஆமாம்மா, சேந்துட்டேன். மேல்படிப்புதான். மூணு வருசம்… ஐயோ, புது போர்டெல்லாம் வேண்டாம்மா. பழசுலயே கீழ எழுதச் சொல்லு, போதும்."